வாழைக்குள்ளே ஒரு வாயிற்காப்போன்

பழனிக்குப் போய்த் திரும்பியவரைப் பார்த்தால், "தரிசனம் நன்றாகக் கிடைத்ததா?" என்று கேட்பது நம் வழக்கம். வாய் கேட்பது அது. கண் போவது என்னவோ அவர் பையிலிருக்கும் பஞ்சாமிர்த டப்பாவின் மேல்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் என்று இத்தனையையும் சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் பிசைந்து வைத்தால் யாருக்குத்தான் நாக்கில் நீர் ஊறாது? 2019-ஆம் வருஷம் இந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு என்ற பட்டயம் கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் அந்தக் கௌரவத்தை முதலில் பெற்றது இதுதான்.

ஆனால் அதற்கு ஏறக்குறைய பத்து வருஷம் முன்னாலேயே அதே பட்டயத்தை வாங்கிவிட்ட ஆசாமி ஒருவர் அந்த டப்பாவுக்குள்ளேயே இருக்கிறார். அவர்தான் விருப்பாட்சி மலைவாழைப்பழம். பழனி மலைத் தொடரின் கீழ்ச் சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, தடியன்குடிசைப் பக்கங்களில், காப்பிச் செடிகளுக்கு நடுவே வளர்கிறவர். உருவம் சின்னது. தோல் கொஞ்சம் தடிப்பு. மணமோ தனி. சதையில் நீர் குறைவு. அந்த நீர்க் குறைவினால்தான் பஞ்சாமிர்தம் மாதக் கணக்கில் கெடாமல் இருக்கிறது என்று சொல்வார்கள்.

இந்த வாழைக்கு ஒரு காலத்தில் பெரிய கண்டம் வந்தது. தோட்டம் தோட்டமாக அழிந்தது. கண்டம் இன்னும் முற்றிலும் விலகிவிடவில்லை. அது எப்படி வந்தது, வாழை எப்படித் தப்பிப் பிழைக்கிறது என்று சொல்லப் போனால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன சமாசாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நடுவில் சமையற்கட்டுப் பக்கமும் ஒரு நடை போய் வருவோம்.

வாழை மரம் என்று நாம் சொல்கிறோமே, அது மரமே அல்ல. அடிமரம் போலத் தெரிவதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலை மட்டைகள். உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கிழங்கின் உச்சியில், மட்டைகளின் அடிவாரத்தில் ஒளிந்துகொண்டு, ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதுதான் குருத்தின் உயிர்நிலை. ஒவ்வோர் இலையும் அங்கேதான் பிறக்கிறது. காலம் வந்ததும் அதே குமிழ்தான் பூவாக மாறி, மட்டைகளின் நடுவே வழி செய்துகொண்டு மேலே ஏறிக் குலை தள்ளுகிறது. அப்படி ஏறுகிற பூங்காம்பைத்தான் வீட்டில் வாழைத்தண்டு என்று கூட்டுப் பண்ணிச் சாப்பிடுகிறோம்.

அந்தக் குமிழை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், தேன்கூட்டின் அறைகள் போல நெருக்கியடித்துக்கொண்டு உயிரணுக்கள் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செல் என்று படிக்கிறார்களே, அதுதான். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ நூறு செல்களை வரிசையாக நிறுத்தலாம். ஒவ்வொன்றும் வளர்கிறது, இரண்டாகப் பிரிகிறது, பிரிந்த இரண்டும் வளர்கின்றன, மறுபடி பிரிகின்றன. இவ்வளவுதானே என்று தோன்றும். வேடிக்கையே இங்கேதான் இருக்கிறது.

வளர்வது ஒரு வேலை. பிரிவது வேறொரு வேலை. ஒன்றுக்காக மற்றது காத்திருக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை. தவளை முட்டையைப் பாருங்கள். அது கருவானதும் வளராமலே பிரிய ஆரம்பிக்கிறது. ஒரு பெரிய லட்டை இரண்டாக, நாலாக, எட்டாகப் பிட்டுக்கொண்டே போவது போல, முட்டையின் மொத்த அளவு மாறாமல் உள்ளே ஆயிரக் கணக்கில் செல்கள் ஆகிவிடும். முட்டைக்கு இது சரிப்படும்; கைவசம் பெரிய முதல் இருக்கிறது. வாழைக் குருத்து இப்படிச் செய்தால் நாலைந்து தலைமுறையில் செல்லெல்லாம் தூசியாகிப் போகும். மாறாக, பிரியாமல் வளர்ந்துகொண்டே இருந்தாலோ பலூன்தான். ஆகவே "நீ போதிய அளவு வளர்ந்துவிட்டாய், இனி பிரியலாம்" என்று யாரோ உத்தரவு கொடுக்க வேண்டும்.

யார் அளக்கிறார்கள்? எந்த முழக்கோலை வைத்து?

ரசப் பாத்திரத்தில் இருக்கிறது விடை

பாதி உலகம் இந்தக் கேள்வியைச் சாதாரணமாக நினைத்து விட்டுவிட்டது. முதலில் நல்ல துப்புக் கிடைத்தது 1970-களில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில். பால் நர்ஸ் என்ற இளைஞர் ஒருவகை ஈஸ்டை வளர்த்துக் கொண்டிருந்தார். அதில் சில செல்கள் வழக்கமான அளவில் பாதி வளர்ந்ததுமே அவசரப்பட்டுப் பிரிந்துகொண்டிருந்தன. குட்டிக் குட்டியாக இருந்த அவற்றுக்கு "வீ" என்று பெயர் வைத்தார். ஸ்காட்லாந்துப் பேச்சில் அதற்குப் பொடியன் என்று அர்த்தம். ஒரே ஒரு மரபணு கெட்டுப் போனதால் வந்த வினை அது. அப்படியானால் அளவு பார்த்து நிறுத்தி வைப்பதற்கென்றே செல்லுக்குள் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் அல்லவா? இந்த வழியில் தொடர்ந்து போனதற்காக அவருக்கு 2001-ல் வேறு இருவருடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

தாவரத்தின் குருத்தில் அந்த ஏற்பாடு என்ன என்பது தெளிவாகியது 2021-ல்தான். இங்கிலாந்தில் நாரிச் நகரத்திலுள்ள ஜான் இன்னஸ் மையத்தில் ராபர்ட் சப்லோவ்ஸ்கியும் அவருடைய கூட்டத்தாரும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அவர்கள் ஆராய்ந்தது அராபிடாப்சிஸ் என்ற, நம் கடுகுக்குத் தூரத்து உறவான ஒரு சின்னப் பூண்டு.

அவர்கள் சொன்னதைப் புரிந்துகொள்ள இப்போது சமையற்கட்டுக்கு வாருங்கள்.

பெரிய பாத்திரம் ஒன்றிலும் சின்னப் பாத்திரம் ஒன்றிலும் ரசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாபகமறதியில் இரண்டிலும் ஒரே அளவு, ஆளுக்கு ஒரு கரண்டி, உப்பைப் போட்டுவிட்டீர்கள். எது கரிக்கும்? சின்னதுதான். என்ன செய்வீர்கள்? உப்புச் சரியாகும் வரை தண்ணீர் விளாவுவீர்கள். பெரியதில் கொஞ்சம் விட்டால் போதும். சின்னதில் நிறைய விட வேண்டியிருக்கும். இரண்டிலும் உப்புச் சரியாக அமைந்த பிறகு உற்றுப் பாருங்கள்: இரண்டு பாத்திரத்திலும் ரசம் ஒரே அளவாக இருக்கும்!

குருத்தின் செல்லும் இதைத்தான் செய்கிறது. பிரியும்போது அது சரி பாதியாகப் பிரிவதில்லை. ஒரு குழந்தை பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் பிறப்பதுண்டு. ஆனால் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்கள், அதாவது பரம்பரைக் குணங்களை எழுதி வைத்த ஏடுகள், இரண்டு குழந்தைக்கும் சரிசமமாகவே போய்ச் சேரும். அதில் கிஞ்சித்தும் பாரபட்சம் கிடையாது. "இப்போது பிரியாதே" என்று தடுக்கிற ஒரு புரதம் இருக்கிறது. அது அந்தக் குரோமோசோம்களின் மேல் ஒட்டிக்கொண்டு சவாரி போகிறது. ஒட்டாமல் மிஞ்சியதை இன்னொரு புரதம் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிடுகிறது. ஆகவே பெரிய குழந்தைக்கும் சின்னக் குழந்தைக்கும் ஒரே கரண்டி உப்பு. சின்னதில் அது கரிக்கிறது. வளர வளரக் கரிப்பு நீர்த்துப் போகிறது. போதுமான அளவு நீர்த்ததும் தடை விலகுகிறது. அளவுகோலும் வேண்டாம், தராசும் வேண்டாம், குரோமோசோமே படி!

எல்லா ஜீவன்களும் ரசம்தான் வைக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். பாக்டீரியாக்களின் கணக்கு வேறு. கொடைக்கானலில் குடித்தனம் செய்கிறவர்களைக் கேட்டால், இட்லி மாவு புளிக்க மறுக்கிறது என்று முறையிடுவார்கள். ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் மாவிலுள்ள பாக்டீரியாக்கள் வளரவும் பிரியவும் சோம்பல் படுவதுதான் காரணம். பாக்டீரியா சிலவற்றை 2014-ஐ ஒட்டி நுட்பமாக அளந்து பார்த்தார்கள். பிறக்கும்போது எந்த அளவில் இருந்தாலும் சரி, ஒவ்வொன்றும் தன் வாழ்நாளில் ஒரு குறிப்பிட்ட நீளத்தை மட்டும் கூட்டிக்கொண்டு பிரிகிறது. கூட்டுவது 3 என்று வைத்துக்கொண்டு, 2-ல் பிறந்த குட்டையனைப் பாருங்கள்: 5 ஆகிப் பிரிந்தால் பிள்ளை 2.5, அது 5.5 ஆகிப் பிரிந்தால் பேரன் 2.75. 4-ல் பிறந்த நெட்டையனுக்குப் பிள்ளை 3.5, பேரன் 3.25. நாலைந்து தலைமுறையில் எல்லோரும் 3-ஐ நெருங்கி வந்துவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான், ஆனால் எவ்வளவு அழகு!

செங்காந்தளும் ஜானகி அம்மாளும்

குரோமோசோம்தான் படி என்பது சரியானால், படியை இரட்டித்தால் செல்லும் இரட்டிக்க வேண்டும். இதைச் சோதிக்க மருந்து எங்கே என்று கேட்டால், பழனி மலை அடிவாரத்திலேயே இருக்கிறது.

ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் போகிறவர்கள் கம்பி வலைகளின் மேல் கொடி படர்ந்து, தீக்கொழுந்து போன்ற பூக்கள் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். செங்காந்தள்தான் அது, தமிழ்நாட்டின் மாநிலப் பூ. குடியானவர்கள் வைத்த பெயர் கண்வலிக்கிழங்கு. கிழங்கும் விதையும் கொடிய விஷம். விதைக்குத்தான் விலை, அதிலிருந்து கால்சிசின் என்ற மருந்தை எடுக்கிறார்கள். வாத மூட்டு வலிக்காரர் சிலருக்கு டாக்டர்கள் மிகச் சிறிய அளவில் அதைக் கொடுப்பதுண்டு. (கிழங்கை யாரும் வீட்டு வைத்தியமாகப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது; உயிருக்கே ஆபத்து.)

இந்தக் கால்சிசின் செல்லுக்குள் என்ன செய்கிறது? செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துப் பங்கு போட மெல்லிய கயிறுகள் உண்டு. கால்சிசின் அந்தக் கயிறு திரிய விடாது. ஏடுகளை நகல் எடுத்தாயிற்று. பங்கு போட முடியவில்லை. செல் என்ன செய்யும், பாவம்? இரட்டிப்பு ஏட்டுடன் ஒரே குடும்பமாகவே இருந்துவிடும். 1937-லேயே அமெரிக்காவில் இதைக் கண்டு சொன்னார்கள். அப்படி ஆன செடிகளின் செல்கள் பெருத்திருந்தன, இலை தடித்தது, பூ பெரிதாயிற்று.

இந்த வித்தையில் உலகப் புகழ் பெற்றவர் நம் பக்கத்து அம்மணி ஒருவர். தலச்சேரியில் 1897-ல் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கிய ஜானகி அம்மாள். பெண் பிள்ளை பத்தாவது படித்தாலே ஊர் வாயைப் பிளந்த காலம் அது! கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணிக் கொண்டிருந்தவர், பிறகு இங்கிலாந்து போய், டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து, உலகத்துப் பயிர்களின் குரோமோசோம்களையெல்லாம் கணக்கெடுத்து 1945-ல் பிரம்மாண்டமான புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அதன் பிறகு லண்டனுக்கு அருகே விஸ்லி என்ற தோட்டத்தில் மக்னோலியாச் செடிகளுக்குக் கால்சிசின் கொடுத்துப் பார்த்தார். மக்னோலியா வேறு யாருமல்ல, நம் செண்பகத்தின் உறவு. கொடைக்கானலுக்கு ஏறும் வழியிலுள்ள செண்பகனூருக்குப் பெயர் கொடுத்த அதே செண்பகம். ஜானகி அம்மாள் பெயரைத் தாங்கிய வெள்ளை மக்னோலியா ஒன்றை இன்றும் சீமைத் தோட்டக்காரர்கள் வளர்க்கிறார்கள். நேரு அழைத்து 1951-ல் அவர் இந்தியா திரும்பினார். 1984-ல் சென்னையை அடுத்த மதுரவாயலில் காலமானார்.

குரோமோசோம் பெருகினால் செல் பெருக்கும் என்பது அவர் காலத்தில் கண்ணால் கண்ட உண்மை. ஏன் என்பதற்கு உப்புக் கரண்டிதான் இப்போது காரணம் சொல்கிறது: இரண்டு பங்கு உப்பு, இரண்டு பங்கு ரசம்.

இனி வாழைக்கு வருவோம். காட்டு வாழைக்குக் குரோமோசோம் இரண்டு தொகுதி, மொத்தம் 22. பழத்தைப் பிளந்தால் மிளகு மிளகாகக் கறுப்பு விதை, பல்லே போய்விடும். நம் விருப்பாட்சிக்கோ மூன்று தொகுதி, 33. எந்தக் காலத்திலோ இரண்டு காட்டு இனங்கள் கலந்து, ஒன்றிடமிருந்து இரண்டு பங்கும் மற்றொன்றிடமிருந்து ஒரு பங்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. விதை உண்டாக வேண்டுமானால் குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். மூன்று பேரை இரண்டிரண்டாக ஜோடி சேர்க்கச் சொன்னால் எப்படி? அதனால்தான் விதையில்லை. நாம் நிம்மதியாகக் கடித்துச் சாப்பிடுகிறோம்.

பழத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கொடைக்கானலில் கூடைக்காரிகளிடம் பேரிக்காய் வாங்கியிருப்பீர்கள். பேரிக்காயில் பூ உதிர்ந்து சில வாரங்கள்தான் செல்கள் பிரியும். அப்புறம் எண்ணிக்கை கூடாது, இருக்கிற செல் ஒவ்வொன்றும் ஊதிப் பெருக்கும். கடிக்கும்போது நறநறவென்று மணல் போல இருக்கிறதே, அது பிரிவதை நிறுத்திச் சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டு கல்லாகிப் போன செல்களின் கூட்டம். வாழைக்காயிலும் முதலில் பிரிவு, பிறகு பருமன் என்றுதான் வரிசை. ஆனால் கீழ்மலையில் விளைகிற வெண்ணெய்ப்பழம் ஒரு விசித்திரப் பிறவி. மரத்தில் தொங்குகிற வரை அதன் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன! மரத்தில் இருக்கும்போது அது பழுப்பதும் இல்லை. பறித்து வீட்டில் வைத்தால்தான் மெத்தென்று ஆகும்.

வாழையடி வாழையாக வந்த வினை

விதை இல்லாத வாழைக்குச் சந்ததி ஏது? பக்கக் கன்றுதான். தாயின் கிழங்கிலிருந்து கன்று, அந்தக் கன்றிலிருந்து இன்னொரு கன்று. கல்யாணத்தில் பெரியவர்கள் "வாழையடி வாழையாக" என்று வாழ்த்துகிறார்களே, அதைச் செல் கணக்கில் சொன்னால், எந்தக் காலத்திலோ தோன்றிய ஒரே ஒரு செடியின் செல்கள் இன்று வரை நிற்காமல் பிரிந்துகொண்டே வருகின்றன என்று அர்த்தம். தாண்டிக்குடியில் நிற்பதும் தடியன்குடிசையில் நிற்பதும் ஒரே உடம்பின் துண்டுகள்தாம்.

வாழ்த்துக்கு இது நன்றாகத்தான் இருக்கிறது. நோய்க்கு இதைவிட நல்ல ராஜபாட்டை கிடையாது.

முடிக்கொத்து நோய் என்று பெயர். 1940-ஐ ஒட்டி, இலங்கையிலிருந்து கேரளக் கரைக்கு வந்து, அங்கிருந்து மெல்லப் பரவியதாகச் சொல்கிறார்கள். நோய் கண்ட வாழையில் புது இலைகள் குட்டையாய், குறுகலாய், விறைப்பாய் உச்சியில் ஒரே கொத்தாக நிற்கும். இலைக் காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தெரியும். 2013-ல் மூடிவிட்ட தந்தி ஆபீஸ்களில் கட்டுக் கடகட என்று அடிப்பார்களே, அந்தப் பாஷையில் யாரோ அபாயச் செய்தி எழுதி வைத்தது போல இருக்கும். இளம் வாழைக்கு வந்துவிட்டால் குலை கிடையாது. 1970-களிலிருந்து பழனி மலையிலும் பக்கத்துச் சிறுமலையிலும் இது ஆடிய ஆட்டத்தில் மலைவாழைத் தோட்டங்களில் பெரும்பகுதி போய்விட்டது. சமவெளியில் என்றால் ஒன்றிரண்டு தாருடன் தோட்டத்தை அழித்துப் புதிதாக வைப்பார்கள். மலையில் அப்படி இல்லை. ஒரே வாழைக்குத்து வருஷக் கணக்கில், தகப்பன் வைத்ததை மகன் வெட்டும்படி நிற்கும். நோயும் கூடவே நின்றது.

காரணம் ஒரு வைரஸ். ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது கறுப்புப் பழுப்பு நிறத்தில் ஓர் அசுவினிப் பூச்சி. மட்டையின் அடியில் ஒளிந்து சாற்றை உறிஞ்சும். அதன் தேன் கழிவுக்கு ஆசைப்பட்டு எறும்பு காவல் இருக்கும். வைரஸின் உடம்பில் ஆறு சின்ன வளையங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரத்து நூறு எழுத்து. ஆறையும் கூட்டினாலும் இந்தக் கட்டுரையின் எழுத்துக்களுக்கு எண்ணிக்கையில் ஈடாகாது. வாழையின் ஏட்டிலோ ஒரு தொகுதிக்கே ஐம்பது கோடி எழுத்துக்கு மேல் என்று 2012-ல் படித்துச் சொன்னார்கள். இந்த எறும்பு எப்படி அந்த யானையைச் சாய்க்கிறது?

இங்கேதான் நம் வாயிற்காப்போன் வருகிறார்.

உப்பு நீர்த்துப் போனதும் தடை விலகும் என்றேன். தடை என்பது உண்மையில் ஒரு வாசல். அங்கே காவல் நிற்கிற புரதம் ஒன்று உண்டு. ஏட்டை நகல் எடுப்பதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களைச் செல் வெளியே எடுக்க விடாமல் பூட்டி வைத்திருப்பவர் அவர்தான். உப்புச் சரியான பக்குவத்துக்கு வந்ததும், சாவிக்காரர்கள் வந்து தட்டினால் விலகி வழி விடுவார். வேலை முடிந்த செல்களில் வாசலை நிரந்தரமாகச் சாத்திவிட்டு நிற்பார். மரஞ்செடிகளிலும் இவர் இருக்கிறார், மனிதர்களிடமும் இருக்கிறார்.

மனிதர்களிடம் இவரை முதலில் அடையாளம் கண்டது ஒரு சோகத்தின் வழியாக. சில பச்சைக் குழந்தைகளுக்கு விழித்திரையில் புற்றுநோய் வரும். ஒரு செல்லில் இந்தக் காவலர் புரதத்தின் மரபணுப் பிரதிகள் இரண்டும் கெட்டுவிடுவதுதான் காரணம் என்று 1971-ல் நட்சன் என்ற அமெரிக்க டாக்டர் கணக்குப் போட்டு ஊகித்தார். 1986-ல் அந்த மரபணுவைக் கையோடு பிடித்தார்கள். வாசல் திறந்தே கிடக்க, செல் பிரிந்துகொண்டே போகிறது. குழந்தை உள்ள வீட்டார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பளிச் விளக்குப் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் பாப்பா சிவப்பாகத் தெரிவது சகஜம். ஒரு கண்ணில் மட்டும் வெள்ளையாக மின்னினால் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். வேறு காரணமாகவும் இருக்கலாம். இந்த நோயாகவே இருந்தாலும், சீக்கிரம் கண்டுகொண்டால் குணப்படுத்தக் கூடியதுதான்.

வாழைக்குத் திரும்புவோம். வைரஸ் குடியிருப்பது சாறு ஓடுகிற குழாய்களில். அங்கேயுள்ள செல்கள் பிரிவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. வைரஸுக்கோ தன்னை நகல் எடுத்துக்கொள்ளச் சொந்தச் சாமான் கிடையாது. வாழைச் செல்லின் சாமானைத்தான் இரவல் வாங்க வேண்டும். அதுவோ பூட்டிக் கிடக்கிறது. 2000-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: வைரஸின் ஆறு வளையங்களில் ஒன்று செய்கிற புரதம், வாயிற்காப்போனைப் போய்க் கட்டிப் பிடித்துக்கொள்ளும் வல்லமை உடையது! காவலர் கை கட்டுண்டு நிற்க, வைரஸ் சாமான் அறையைத் திறந்து தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது என்று கருதுகிறார்கள். உப்புப் பார்த்து, அளவு பார்த்து, நேரம் பார்த்துத் திறக்க வேண்டிய வாசல் கள்ளச் சாவிக்குத் திறந்துவிடுகிறது.

மருந்து? நோய் வந்த வாழையைக் குணப்படுத்த இன்று வரை மருந்து இல்லை. ஆனால் வைரஸின் பலத்திலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. அது சாற்றுக் குழாய் வழியாகத்தான் பயணம் செய்யும். மட்டைகளின் அடிவாரத்தில் ஒளிந்திருக்கும் குமிழ் ஒன்றைச் சொன்னேனே, அதன் நுனியில் இன்னும் குழாய் போடப்படவில்லை. செல்கள் பிரிந்து பிரிந்து முன்னே போகின்றன. குழாய் பின்னால்தான் வருகிறது. ஆகவே நோயாளித் தாயின் குருத்தில்கூட, அந்தக் கடுகளவு நுனி சில சமயம் பரிசுத்தமாக இருக்கும்.

அந்தக் கடுகைக் கத்தி முனையில் எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் வைத்து வளர்ப்பதுதான் திசு வளர்ப்பு. இது ஆகிற காரியம் என்று உலகம் நம்பத் தொடங்கியதில் இளநீருக்கும் பங்கு உண்டு என்றால் ஆச்சரியப்படுவீர்கள். அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில் ஸ்டூவர்டு என்பவர், காரட் கிழங்கின் செல்களை இளநீர் கலந்த சத்துநீரில் மிதக்கவிட்டு, முழுக் காரட் செடிகளையே எழுப்பி 1958-ல் காட்டினார். செல்லைப் பிரியத் தூண்டுகிற சரக்கு இளநீரில் இருந்தது. இப்போது அந்த வகைச் சரக்குகளைத் தனியாகவே தயாரிக்கிறார்கள். ஒன்றைக் கூட்டினால் குருத்து வெடிக்கும். மற்றொன்றைக் கூட்டினால் வேர் விடும்.

ஆனால் ஆசைக்கும் எல்லை வேண்டும். ஒரு நுனியிலிருந்து லட்சக் கணக்கில் கன்று எடுக்கலாமே என்று புட்டிக்குப் புட்டி மாற்றிப் பிரிக்க வைத்துக்கொண்டே போனால், நகல் எடுப்பதில் பிழை விழுந்து, குட்டை வாழையும் கோணல் இலையுமாக வரும். அதனால் ஏழெட்டுச் சுற்றோடு நிறுத்திவிடுவார்கள். நுனி எப்போதும் பரிசுத்தம் என்றும் நிச்சயம் கிடையாது. தாய் வாழையையும் புட்டிக் கன்றையும் வைரஸ் உண்டா என்று சோதித்த பிறகே நம்ப வேண்டும். திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகமும், அதன் தடியன்குடிசை நிலையமும் இப்படித்தான் மலைவாழையை மீட்க முயன்று வந்திருக்கின்றன.

புட்டியில் வளர்ந்த கன்று கைகுழந்தை மாதிரி. நிழற்குடிலில் சில வாரம் வைத்து, காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கி, அப்புறம்தான் மலைக்கு ஏற்றலாம். மலையில் காத்திருப்பது யார்? பழைய அசுவினிதான்! சுத்தமான கன்றுக்கு நோய் வராது என்று அர்த்தமல்ல. நோயோடு பிறக்கவில்லை என்றுதான் அர்த்தம். பக்கத்துத் தோட்டத்தில் கொத்துத் தலையோடு ஒரு வாழை நின்றால் போதும். அதை அகற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஆத்திரப்பட்டு அரிவாளைத் தூக்கினால், அசுவினி பறந்து அடுத்த வாழைக்குப் போய்விடும். முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். பிறகுதான் கிழங்கோடு கன்றோடு தோண்டி எடுக்க வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு பக்கக் கன்றை மட்டும் விட்டு வைத்தால் மறுபடி வாழையடி வாழைதான். நோய் உள்ளே புகுந்து சில வாரம் கழித்தே முகம் காட்டும்.

ஆகவே அடுத்த தடவை கொடைக்கானல் போய்விட்டுத் தாண்டிக்குடி வழியாக இறங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டக்காரர் தாராளமாகத்தான் இருப்பார், கேட்டால் கொடுத்துவிடுவார். இருந்தாலும் கொல்லையில் வைக்கலாமென்று வாழைக் கன்று மட்டும் கேட்காதீர்கள். பழம் எத்தனை சீப்பு வேண்டுமானாலும் வாங்குங்கள்.